பரலோக விருந்தும் அறுப்பின் பண்டிகை அசனமும்: முதல் பந்தி யாருக்கு?

#1 வேப்பேரி_செயலர்

எல்லாருக்கும் தோத்திரம். சென்னையில் எங்கள் சேகரத்தில் (ஒரு ஆயரின் கீழுள்ள சபை வட்டாரம்) இந்த வருஷ அறுப்பின் பண்டிகை (விளைச்சலுக்கு நன்றி சொல்லும் பண்டிகை) அசனத்துக்கு, அதாவது பொது விருந்துக்கு, சபையாரோடு ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருவோரக் குடும்பங்கள், பக்கத்துக் கட்டட வேலையிடத்தில் தங்கியிருப்பவர்கள் எல்லாரையும் அழைக்கலாம் என்று யோசனை. மொத்தம் 300 பேர். சபையார் பாதி, வெளியார் பாதி.

கமிட்டியில் இரண்டு ஆட்சேபம். ஒன்று, "பூரண வாழ்வு பரலோகத்தில்தான், ஒரு வேளைச் சோறு போட்டு என்ன மாறப்போகிறது? சுவிசேஷம் சொன்னால் போதும்." இரண்டு, "அம்மா உணவகத்தில் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதம் கிடைக்கிறது. நாம் எதற்கு?" வேதம் தெரிந்தவர்களும் சமையல் கணக்கு தெரிந்தவர்களும் பதில் சொன்னால் அடுத்த கூட்டத்தில் வாசித்துவிடுவேன்.

#2 ஓலைச்சுவடி

முதல் ஆட்சேபத்துக்கு லூக்கா 14-ஐ முழுசாக வாசிக்கச் சொல்லுங்கள், பகுதி பகுதியாக அல்ல. 12 முதல் 14 வரை: விருந்து பண்ணும்போது பணக்கார அயலாரை அழைக்காதே, ஏழைகள், ஊனர், சப்பாணிகள், குருடரை அழை, பதில் உனக்கு நீதிமான்களின் உயிர்த்தெழுதலில் கிடைக்கும். இதைக் கேட்ட ஒருவர் 15-ஆம் வசனத்தில் பக்தியாகப் பெருமூச்சு விடுகிறார், தேவனுடைய ராஜ்யத்தில் போஜனம் பண்ணுகிறவன் பாக்கியவான் என்று. பேச்சைப் பரலோகத்துக்கு நகர்த்திவிட்டால் தரையிலுள்ள விருந்தாளிப் பட்டியலிலிருந்து தப்பிக்கலாம் அல்லவா! இயேசு விடவில்லை. உடனே பெரிய விருந்தின் உவமை. அழைக்கப்பட்டவர்கள் வயல், ஏர்மாடு, கல்யாணம் என்று சாக்குச் சொல்கிறார்கள். வீட்டெஜமான் தெருவுக்கு ஆளனுப்பி அதே நாலு வகை மனிதரைக் கூட்டிவரச் சொல்கிறான். 13-ஆம் வசனத்தில் "நீ அழை" என்று சொன்ன பட்டியலும் 21-ஆம் வசனத்தில் பரலோக விருந்தில் உட்கார்ந்திருக்கும் பட்டியலும் ஒன்றே. உங்கள் கமிட்டிக்காரர் பிரிக்கிற இரண்டையும் அந்த மேஜை பிரிக்கவில்லை.

ஏசாயா 25:6-இல் சேனைகளின் கர்த்தர் மலையின்மேல் சகல ஜனங்களுக்கும் விருந்து வைக்கிறார். நம்மவர் 8-ஆம் வசனத்தை, கண்ணீர் துடைக்கப்படுவதை, அடக்க ஆராதனையில் வாசிக்கிறோம். 4-ஆம் வசனத்தை விட்டுவிடுகிறோம். அங்கே அதே கர்த்தர் ஏழைக்குப் பெலன், எளியவனுக்குத் திடன், பெருவெள்ளத்துக்கு அடைக்கலம். 2015 டிசம்பரில் அடையாறு கரையில் இருந்தவர்களிடம் இந்த வசனத்துக்கு விளக்கவுரை கேட்கலாம்.

கட்டட வேலையாட்களை அழைப்பதால் ஏசாயா 65:21, 22-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய வானம் புதிய பூமி வாக்குத்தத்தத்தின் நடுவே, வீடு கட்டுகிறவனே குடியிருப்பான், நட்டவனே கனி புசிப்பான், ஒருவன் கட்ட வேறொருவன் குடியேறுகிற நிலை இராது என்கிறது. பன்னிரண்டு மாடி எழுப்பிவிட்டுத் தகரக் கொட்டகையில் தூங்குகிறவனுக்கும், நகரின் நடுவிலிருந்து புறநகர்க் குடியிருப்புகளான கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவனுக்கும் இதைவிட நேரடியான பரலோக நம்பிக்கை எது?

#3 அண்டாக்கரண்டி

சமையல் கணக்கு நான் சொல்கிறேன். 300 பேர் என்றதும் தலைக்கு 125 கிராம் அரிசி போட்டு 38 கிலோ என்று எழுதிக்கொடுப்பார்கள். அது ஆலயத்து ஜனத்துக்குச் சரி. சுமை தூக்குகிறவர், கொத்தனார், சித்தாள் பாதிப்பேர் என்றால் தலைக்கு 175 வைக்கவேண்டும். ஆக 45 கிலோ பொன்னி புழுங்கல். ஒரு அண்டாவில் 15 கிலோவுக்கு மேல் வேண்டாம். மொத்தமாய்ப் போட்டால் அடி குழைந்து மேல் விறைக்கும், வடிக்கும்போது கஞ்சியும் இறங்காது. மூன்று அண்டா, அரைமணி இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினால் ஒவ்வொரு பந்திக்கும் சூடான சோறு.

சாம்பாருக்குத் துவரம்பருப்பு 10 கிலோ, காய் 25 கிலோ, புளி ஒன்றரை கிலோ. புளியும் உப்பும் பருப்பு மலர்ந்த பிறகுதான். முன்னாடியே போட்டால் புளிப்பு பருப்பை வேகவிடாது, அப்புறம் எத்தனை மணிநேரம் கொதித்தாலும் குண்டு குண்டாய் நிற்கும். காயில் கத்தரி, முருங்கை, மாங்காய் போடுவது தெற்கத்தி அசன ருசி. முருங்கை வேண்டாம் என்பேன். தெருவில் இருக்கும் முதியவர்கள் பலருக்குப் பல் இல்லை. அதே காரணத்துக்காக எலும்புக்கறிக்குப் பதில் தலைக்கு ஒரு அவித்த முட்டை. கறி போட்டே ஆகவேண்டும் என்றால் தலைக்கு 100 கிராம் வைத்து 30 கிலோ. ஆனால் எல்லா இலைக்கும் அதே அளவு. சபையாருக்குக் கறி, வெளியாருக்குச் சாம்பார் என்று போவதாயிருந்தால் அசனமே வேண்டாம்.

குடிதண்ணீர் தலைக்கு ஒரு லிட்டர், 20 லிட்டர் கேன் 15. கை கழுவ வேறு தண்ணீர். இலை 330, கிழிசல் போக. சிலிண்டர் 19 கிலோ வணிக சிலிண்டர்தான், வீட்டு சிலிண்டரைக் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

பந்தி 75 பேர் வீதம் நாலு. சாப்பிட்டு எழ, இலை எடுக்க, துடைக்க என்று பந்திக்கு அரைமணி. ஆக இரண்டு மணி நேரம். அதற்குள் கடைசிப் பந்திக்காரர் பொறுமை இழப்பார். வெயிலில் வரிசை நிற்கவைக்காமல் டோக்கன் நிறத்தை வைத்துக் கூப்பிடுங்கள். "பந்திக்கு முந்து" என்பது நம் ஊர்ப் பழமொழி, அதனால் முதல் பந்தி யாருக்கு என்று இப்போதே தீர்மானம் போட்டுவிடுங்கள். வழக்கமாக முதல் பந்தியில் ஆயர், கமிட்டி, சிறப்பு விருந்தினர். இந்த ஒரு தடவை அவர்கள் கரண்டி பிடிக்கட்டும்.

#4 ஓலைச்சுவடி

முதல் பந்தி விஷயத்தில் பவுலும் அண்டாக்கரண்டி பக்கம்தான். 1 கொரிந்தியர் 11:21-இல் அந்தச் சபையின் விருந்தில் ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் குடித்து வெறியாயிருக்கிறான். வேலை முடிந்து தாமதமாக வந்த எளியவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பதே பெரும்பாலான உரையாசிரியர்கள் காட்டும் சூழல். 33-இல் தீர்வு: போஜனம்பண்ணக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். சென்னையில் ஞாயிறு பதினொன்றரைக்கு அசனம் வைத்தால் காலை ஷிப்ட் தூய்மைப் பணியாளரும் வீட்டுவேலைக்குப் போகும் பெண்களும் வரமுடியாது. ஒன்றரைக்கு ஆரம்பியுங்கள்.

#5 எண்ணூர்_வாசகன்

எதிர்க்கேள்வி கேட்கலாமா? வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று 2 தெசலோனிக்கேயர் 3:10 இருக்கிறதே. ஆலய வாசலில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் இலவசம் எங்கே என்று தேடி வருகிறவர்கள். இன்னொன்று, பரலோகத்தைக் காட்டி ஏழையைச் சமாதானப்படுத்துவது பழைய தந்திரம் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வதில் நியாயமே இல்லையா?

#6 ஓலைச்சுவடி

முதலாவதுக்கு: அந்த வசனம் வாசலில் இருக்கும் பிச்சைக்காரருக்கு எழுதப்படவில்லை. சபைக்குள் வேலையை விட்டுவிட்டு அலப்பிக்கொண்டு திரிகிற சகோதரருக்கு எழுதப்பட்டது. 11-ஆம் வசனம் அதைச் சொல்கிறது. 13-இல் நீங்கள் நன்மைசெய்வதில் சோர்ந்துபோகாதிருங்கள் என்று மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறார். முதியவர், மனநலம் குன்றியவர், நாள்கூலி கிடைக்காத நாளில் வந்தவர், இவர்களுக்கும் அந்த வசனத்துக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவதில் நியாயம் இருக்கிறது. பரலோகத்தை ஏழையிடம் மட்டும் பேசி, செல்வனிடம் பேசாமல் விட்டால் அது தந்திரம்தான். லூக்கா 16-இல், ஐஸ்வரியவானின் வாசலில் கிடந்த ஏழை லாசருவின் கதை யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். 14-ஆம் வசனம், பொருளாசைக்காரரான பரிசேயர் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்கிறது. கதை முடிவதும் உயிரோடிருக்கும் ஐந்து சகோதரரைப் பற்றிய எச்சரிப்பில். அந்த ஐஸ்வரியவான் லாசருவை அடித்தான், விரட்டினான் என்று எங்கும் இல்லை. லாசரு அவன் வாசலில் கிடந்தான், அவ்வளவே.

#7 பெரம்பூர்_பங்கு

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து இரண்டாவது ஆட்சேபத்துக்கு வருகிறேன். அம்மா உணவகம் 2013-இல் சென்னையில் தொடங்கியது. இட்லி 1 ரூபாய், தயிர்சாதம் 3 ரூபாய். அது இருக்கும் இடத்தில் தினசரி சோறு போட்டியிடத் தேவையில்லை என்பது சரியான வாதமே. அதனால் அசனத்தைப் பசிநிவாரணமாக விற்காதீர்கள். அது ஒரே பந்தியில் உட்காருவது. நிவாரணம் வேறு, அதை வருஷம் முழுக்கச் செய்யவேண்டும்.

எங்கள் பங்குகளில் (ஆலய வட்டாரங்களில்) ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபை அப்படித்தான் இயங்குகிறது. 1833-இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. விதி எளிது: வாரம் ஒரு கூட்டம், இரண்டிரண்டு பேராக வீட்டுக்கே போய்ச் சந்திப்பு, கூட்டத்தில் யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி ரகசியப் பை. இரண்டு பேர் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் மட்டும் போனால் பெறுகிற குடும்பம் அந்த ஒருவருக்குக் கடன்பட்டவர்களாகிவிடும்; அவர் சொல்லுக்கு ஆடவேண்டி வரும்.

சென்னையில் சோற்றைவிட அதிகம் இடறுகிற இடங்கள்: ஜூன் மாதம் பள்ளிச் செலவு, வாடகை அட்வான்ஸ், வெளியே வாங்கச் சொல்கிற மாத்திரை, கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு இரவு தங்குகிறவரின் சாப்பாடு. நோயாளிக்கு மருத்துவமனை உணவு வரும், கூட இருப்பவருக்கு வராது. சோறு போட ஆசை என்றால் அங்கே போடுங்கள். அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமை வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், திருத்தலத்தில் ஒரே நாள் பத்துப் பேர் பொட்டலம் கொடுப்பார்கள், மறுநாள் யாரும் இருக்கமாட்டார்கள்.

#8 பிதாக்கள்_பிரியன்

பரலோக விருந்து என்று தலைப்பில் இருக்கிறது, ஆதித்திருச்சபை அதை எப்படிக் கற்பனை செய்தது என்று யாரும் தொடவில்லையே. லியோன் நகர ஆயர் இரேனேயு 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தப்பறைகளுக்கு எதிராக எழுதியதில் ஐந்தாம் நூல் 33-ஆம் அதிகாரம். அவருக்கு முந்தின ஆயர் பப்பியா வழியாக வந்த மரபு: ஒவ்வொரு திராட்சச் செடியிலும் 10,000 கிளை, அதிலிருந்து பத்தாயிரம் பத்தாயிரமாகக் கொப்பு, தளிர், குலை, பழம் என்று பெருகி, ஒரு பழத்தைப் பிழிந்தால் 25 அளவை ரசம். பரிசுத்தவான் ஒரு குலையைப் பறிக்கப் போனால் பக்கத்துக் குலை "நான் நல்ல குலை, என்னைப் பறி" என்று கூப்பிடுமாம். கோதுமைக்கும் அதே பத்தாயிரக் கணக்கு.

திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியு இதைப் படித்துவிட்டுப் பப்பியாவுக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்று எழுதினார். இருக்கட்டும். கவனிக்க வேண்டியது வேறு: அதே அதிகாரத்தில், அந்தத் திராட்சைக்குச் சற்று முன்னால், இரேனேயு எடுத்துவைக்கும் வசனம் மேலே ஓலைச்சுவடி சொன்ன லூக்கா 14:12-14 தான். ஏழைக்கு வைத்த விருந்துக்கு ஈடு எங்கே, எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் திராட்சைக்குப் போகிறார். அந்தப் பத்தாயிரங்கள் எல்லாம் ஏழைக்குப் போட்ட இலைக்குப் பதிலாக வரும் இலை.

பேச்சோடு நிற்கவும் இல்லை. சுமார் 155-இல் ரோமிலிருந்து யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ அறிஞர் விசுவாசத்துக்காக வாதாடி எழுதிய முதல் வாதுரையில் 67-ஆம் அதிகாரம் ஞாயிறு ஆராதனையை விவரிக்கிறது: வாசிப்பு, பிரசங்கம், ஜெபம், அப்பமும் ரசமும், வராதவர்களுக்கு உதவிக்காரர் கையில் கொடுத்தனுப்புதல். பிறகு வசதியுள்ளவர் மனதுள்ளபடி கொடுப்பது ஆராதனை நடத்துகிறவரிடம் சேரும். அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர், அந்நியர் என்று செலவுப் பட்டியலும் அங்கேயே. 251-ஐ ஒட்டி ரோமை ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதத்தில் அந்தச் சபை தாங்கிய விதவைகளும் வறியவரும் 1,500-க்கு மேல். சட்டபூர்வ அங்கீகாரம்கூட இல்லாத காலத்தில்!

#9 அக்கினிஸ்தம்பம்

பிரைஸ் த லார்ட். மல்கியா 3:10-ஐ யாரும் சொல்லவில்லையே. தசமபாகம் கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும். நூறத்தனையாய்க் கிடைக்கும் என்கிற மாற்கு 10:30-இல் "இம்மையிலே" என்று இருக்கிறது. ஆசீர்வாதத்தை மறுமைக்குத் தள்ளிவைப்பது ஏழைச் சபைகளின் பழக்கம். காணிக்கையை விதையாய் விதைக்கிற சபையில் ஏழையே இருக்கமாட்டான்.

#10 ஓலைச்சுவடி

பிரதர், மல்கியா வசனத்தின் முதல் பாதி தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்கிறது. எதற்காக? ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி. தானியக் கிடங்கு அது. உபாகமம் 14:28, 29-இன்படி மூன்றாம் வருஷத் தசமபாகத்தை ஆலய ஊழியனான லேவியனும் பரதேசியும் (அந்நியனும்) திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். பலகணி திறக்கும் பிரசங்கம் கேட்ட சபையில் அரிசி மூட்டை எங்கே அடுக்கியிருக்கிறது என்று கேளுங்கள். மாற்கு 10:30-இல் நூறத்தனையாய்க் கிடைப்பவற்றில் வீடும் நிலமும் மட்டுமல்ல, தாய்மாரும் சகோதரரும் உண்டு, கூடவே துன்பங்களும். நூறு தாய் ஒருவனுக்குக் கிடைப்பது எப்படி? தன் வீட்டைத் திறந்துவைத்த நூறு குடும்பத்தால்தான். உங்கள் கடைசி வாக்கியம் உண்மையில் நல்ல வாக்கியம், அப்போஸ்தலர் 4:34 சொல்வதும் அதைத்தான்: அவர்களில் ஒருவனுக்கும் குறைவிருந்ததில்லை. ஆனால் அங்கே நிலத்தை விற்றவர் பணத்தைக் கொண்டுவந்து வைத்தார், தேவையுள்ளவனுக்குப் பங்கிட்டார்கள். விதைத்தவர் வீட்டுக்கே அறுவடை திரும்பவில்லை.

#11 கணக்குப்பிள்ளை

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த இழை முடியக்கூடாது.

அறுப்பின் பண்டிகை என்றால் ஏலம். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், கேக் எல்லாம் சந்தை விலைக்கு மேல் போகும், தொகை கட்டட நிதிக்குப் போகும். லேவியராகமம் 23-இல் பண்டிகைப் பட்டியல் நடுவே, பெந்தெகொஸ்தேக்குப் பிறகு 22-ஆம் வசனம்: வயலோரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு. அதனால் ஏலம் தொடங்குமுன்பே பொருளில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட வேண்டும். ஏலம் முடிந்து மிஞ்சியதைக் கொடுப்பது வயலோரம் ஆகாது, அது பதர். பத்தில் ஒன்று என்று தீர்மானம் எழுதினால் போதும். அரிசி, பருப்பு, எண்ணெய் முதலில். பூசணிக்காய் மட்டும் ஒதுக்கிவிட்டுக் கணக்கு காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழைகள் நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து. வாடகையை வீட்டுக்காரருக்கு, கட்டணத்தைப் பள்ளிக்கு, மருந்துக்கு மருந்துக்கடைக்கு நேரடியாகச் செலுத்தி ரசீது. ரொக்கம் கூடாது என்று இல்லை, ஆனால் ரொக்கத்தில்தான் சிபாரிசும் வதந்தியும் நுழையும். பெற்றவர் பெயர் பதிவேட்டில் இருக்கட்டும், அறிவிப்பில் வேண்டாம், போட்டோ அறவே வேண்டாம். பவுல் எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைத் தனியாய் எடுத்துப் போகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட அனுப்பினார். 2 கொரிந்தியர் 8:18-21 தணிக்கைக் குழுவுக்கு வாசிக்கத்தக்கது.

வெளிநாட்டு உறவினர் பணம்: இந்தியக் குடியுரிமை வைத்திருக்கும் அயல்வாழ் இந்தியர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. அமெரிக்க, ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டவர், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டைக்காரர் அனுப்பினால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். பதிவுள்ளவர்களுக்கும் 2020 திருத்தத்துக்குப் பிறகு அது டெல்லி ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கில்தான் வந்து இறங்கவேண்டும், இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. அசனத்துக்காக என் சித்தப்பா பையன் சிட்னியிலிருந்து போட்டார் என்று சபைக் கணக்கில் வாங்கிவைத்தால் சிக்கல்.

#12 வேப்பேரி_செயலர்

அருமை. ஏல விஷயம் தீர்மானமாக எழுதிவிடுகிறேன். மூன்று சந்தேகம். வேலையிடத்தில் இருப்பவர்கள் ஒடிசா, பீகார்க்காரர்கள், யார் போய்க் கூப்பிடுவது? மீந்த சாப்பாட்டை என்ன செய்வது? பந்தி நடுவே ஒரு செய்தி கொடுக்கலாமா என்று ஆயர் கேட்கிறார்.

#13 பெரம்பூர்_பங்கு

செய்தி வேண்டாம். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்துபோக முடியாது. சோற்றுக்கு விலையாகக் கேட்கவைப்பது ஆகிவிடும், வெளியிலிருந்து வரும் குற்றச்சாட்டுக்கும் நாமே கதவு திறந்ததாகும். சாப்பாட்டுக்கு முன் நன்றி ஜெபம், இரண்டே வரி. துண்டுப்பிரசுரமும் இலையோடு வேண்டாம். யாராவது ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கட்டும்.

#14 ஓலைச்சுவடி

மொழி விஷயம் அப்போஸ்தலர் 6:1-இன் பிரச்சினையேதான். தினசரி பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள். கெட்ட எண்ணத்தால் என்று எழுதவில்லை. பரிமாறியவர்களுக்குத் தெரிந்த வீடுகளுக்குப் போயிருக்கும், அவ்வளவே. அதைச் சரிசெய்யத் தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர், அதாவது விடுபட்டவர் தரப்பின் கையிலேயே பொறுப்பு போனதாகத் தோன்றுகிறது. டோக்கனை நீங்கள் கொண்டுபோய் நீட்டாமல் அந்தக் கொட்டகையில் சமைப்பவர் ஒருவரிடமே கொடுத்து விநியோகிக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி கையில் கொடுக்காதீர்கள், அவருக்கு வேண்டியவருக்கு மட்டும் போகும். இந்தி தெரிந்த இரண்டு பேர் வாசலில்.

#15 அண்டாக்கரண்டி

மீந்தது பற்றி. இயேசு ஐந்து அப்பத்தைப் பெருக்கிய பிறகும் துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னார், பன்னிரண்டு கூடை. ஆனால் சேர்த்த சோற்றை எப்போது கொடுக்கிறோம் என்பது முக்கியம். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. வடித்த சோறு வெதுவெதுப்பாய்க் குவியலில் கிடந்தால் அது முளைத்து நச்சு உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. "நல்லா கொதிக்க வைச்சாச்சு, ஒண்ணும் ஆகாது" என்பது இங்கே செல்லாது. ஆக 60 டிகிரிக்கு மேல் சூட்டில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் வடித்த நேரத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள் வயிற்றில் இருக்கவேண்டும். மாலைக்குக் கொடுக்கப் போகிறோம் என்று முன்பே தெரிந்தால் வெள்ளைச் சோறாக வைக்காதீர்கள், கடைசி அண்டாவைப் புளிசாதமாகக் கிளறுங்கள். புளிப்பும் எண்ணெயும் தாங்கும். சூடாய் ஃபாயிலில் மூடினால் ஆவி உள்ளேயே வியர்த்து ஊசிவிடும், அகலத் தட்டில் பரப்பி ஆவி அடங்கியதும் கட்டுங்கள். பொட்டலத்தின்மேல் சமைத்த நேரத்தை எழுதுங்கள். இலையில் பரிமாறியது ஒரு பருக்கையும் மறுபடி போகக்கூடாது.

மத, சமூகக் கூடுகைகளில் உணவு வழங்குவதும் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வரையறைக்குள் வருகிறது. வெளி கேட்டரிங் என்றால் அவருடைய உரிமத்தின் நகலை வாங்கி வையுங்கள். மீந்த உணவை விநியோகிப்பதற்கு 2019-இல் தனி ஒழுங்குமுறையே வந்திருக்கிறது.

#16 எண்ணூர்_வாசகன்

டோக்கன் நிறம் பற்றி ஒன்று. சபையாருக்கு ஒரு நிறம், வெளியாருக்கு ஒரு நிறம் என்று அச்சடித்துவிடப் போகிறார்கள். நிறம் பந்திக்குத்தான் என்று தீர்மானத்திலேயே எழுதுங்கள் செயலரே, நாலு பந்தியிலும் எல்லாரும் கலந்து.

#17 வேப்பேரி_செயலர்

எழுதிவிட்டேன். முதல் பந்திக்கு மட்டும் வெளியாரும் முதியவரும் அதிகம், ஆயரும் கமிட்டியும் பரிமாற. முருங்கைக்காய் நீக்கம்.

#18 அண்டாக்கரண்டி

புளியை முந்தின நாள் ராத்திரியே ஊறப்போடச் சொல்லுங்கள்.